இரண்டாவது கொம்பு

வாசல் பலகையில் ஏதோ ஒரு கோட்டையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லித் துறைமுகத்தில் வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஒத்தக்கொம்பா? அப்படிச் சொல்லுங்க" என்பார்கள்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டி ஆலை வைத்திருந்த ஒருவர், எங்கோ படத்தில் பார்த்த கோட்டையைப் போலத் தனக்கும் ஒன்று வேண்டுமென்று கடலோரத்தில் கட்டத் தொடங்கியது அது. உச்சியில் பல் பல்லாக வெட்டிவிட்ட மதில், வளைவு வாசல், அம்பு விடுவதற்கென்று சுவரில் ஒடுக்கமான நீளத் துளைகள். அம்புக்குப் பதில் புறாக்கள் அவற்றின் வழியே போய்வந்தன. தெற்கு மூலையில் வட்டமாக ஒரு கோபுரம் எழுந்தது. வடக்கு மூலையில் இன்னொன்று எழுவதற்குள் அவருக்கு ஆசை தீர்ந்துபோயிற்றோ, ஆயுள் தீர்ந்துபோயிற்றோ, வேலை நின்றுவிட்டது. கடலிலிருந்து பார்த்தால் ஒரு கொம்பு ஒடிந்த மாடு கரையில் படுத்திருப்பது போல இருக்கும். பெயர் அப்படி வந்தது.

படகுக்காரர்களுக்கு அந்தக் கொம்பு வெறும் வேடிக்கை அல்ல. கரைக்கு வரும் வழியில், சீப்புப் பற்களைப் போல நீருக்கடியில் ஒரு பாறை வரிசை கிடக்கிறது. சீப்பு என்றே அதற்குப் பெயர். அதன் தெற்கு முனையை ஒட்டி ஒரு படகு நுழையும் அகலத்துக்கு வழி இருக்கிறது. பகலில் கண்ணால் பார்த்து வரலாம். பொழுது சாய்ந்துவிட்டால் நேர் பிடித்துத்தான் வரவேண்டும். ஊருக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். கோபுரத்தின் கடல் பக்கத்து ஜன்னலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். மஞ்சளுக்கு நேர் மேலே சிவப்பு நிற்கும்படி படகை வைத்துக்கொண்டால் வழி தப்பாது. அந்தப் பக்கம் வேறு வீடுகள் இல்லை. கோட்டையின் கீழ்த்தளத்து விளக்குகளை மதில் மறைத்துவிடும். "கொம்பைப் பிடிச்சு வா" என்பது அங்கே எல்லோர் வாயிலும் புழங்கிய பேச்சு. எந்தக் கொம்பு என்று யாரும் கேட்டதில்லை. இருந்தது ஒன்றுதான்.

இனி ஆட்களைச் சொல்ல வேண்டும். வீட்டை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி இருவரும் அவர்கள் மனைவிமாரும். மூத்தவரும் படகில் இருந்தவர்தான். இழுவைக் கயிறு அறுந்து இடுப்பில் அடித்ததிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். கரையேறிய பிறகு, தம்பியையும் சேர்த்துக்கொண்டு அந்த அரைக் கோட்டையை வாங்கி, வருகிறவர்களுக்குப் படுக்கையும் காலைச் சாப்பாடும் தரும் விடுதியாக்கினார். காது சற்று மந்தம். சின்னவர் மட்டும் கடலை விடவில்லை. அவர் கொண்டுவரும் மீன்தான் காலையில் வறுபட்டு மேஜைக்கு வரும். அடுப்பும் விருந்தாளிகளும் பெரியவள் பொறுப்பு. துணியும் அறைகளும் சின்னவள் பொறுப்பு. ஓரகத்திகள் என்று தெரியாதவர்கள் அக்கா தங்கை என்றே நினைப்பார்கள். ஒருத்தி தொடங்கிய வசவை மற்றவள் முடித்து வைப்பாள்.

நான் தராசு பழுது பார்க்கிறவன். மீன் ஏலக்கூடத்திலும் பனிக்கட்டி ஆலையிலும் உள்ள தராசுகளை உப்புக்காற்று தின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பிரித்துத் துடைத்து எடை சரிபார்த்துக் கொடுப்பேன். தங்குவது அங்கேதான். அந்த வீட்டில் எனக்குத் தராசு சார் என்று பெயர்.

அந்த முறை போய் இறங்கியபோது வடக்கு மூலையில் ஒரு புதுக் கோபுரம் நின்றது. ஏணியில் நின்று அதன் ஜன்னல் சட்டத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த சின்னவர் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க தராசு சார். மாட்டைப் பாத்தீங்களா? ரெண்டாவது கொம்பு முளைச்சிருச்சு."

"முட்டப் போகுதா?" என்றேன்.

"அதை அண்ணிகிட்ட கேளுங்க. அவங்கதான் கொம்பு சீவி விட்டாங்க."

பெரியவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பேசு தம்பி, நல்லாப் பேசு. வர்றவங்க எல்லாம் படம் புடிக்கிறேன்னு மணல்ல போய் நின்னு பாத்துட்டு, என்னம்மா ஒரு பக்கம் மொட்டையா இருக்குன்னு மூக்கைச் சுளிக்கிறாங்க. கோட்டைன்னு பலகை வச்சா போதுமா? கோட்டையா இருக்க வேணாமா?"

"ரெண்டு கோபுரம் வச்சிட்டீங்க. ராஜாவுக்கு எங்க போவீங்க அண்ணி?"

"அதான் உள்ள ஒருத்தர் ராஜா மாதிரி உக்காந்திருக்காரே. கூப்பிட்டாக் காதுல விழாது, அது ஒண்ணு போதாதா?"

உள்ளே நாற்காலியில் இருந்த மூத்தவர், "எனக்கு விழுந்தது" என்றார்.

"வேண்டாததெல்லாம் விழும்" என்றாள் பெரியவள்.

சின்னவர் ஏணியிலிருந்து இறங்கி என் பெட்டியைப் பார்த்தார். "சார், உங்க ரசமட்டத்தைக் கொஞ்சம் குடுங்க. நேரா கட்டியிருக்கானான்னு பாத்திருவோம்." மேலே ஏறிப்போய் ஜன்னல் விளிம்பில் வைத்தோம். குமிழி நடுவில் போய் நின்றது. "நேரா இருக்கு" என்று அண்ணிக்குக் கேட்கும்படி கத்தினார்.

அன்று எனக்குக் கீழ்த்தளத்து அறையைக் கொடுத்தார்கள். தெற்குக் கோபுர அறை புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கென்று ஒதுக்கியாகிவிட்டது. முந்தைய ஆண்டுகளில் நான் அந்த அறையில் தங்கியிருக்கிறேன். சாவியைக் கையில் தரும்போது பெரியவள் தவறாமல் ஒன்று சொல்வாள்: "பொழுது சாஞ்சா விளக்கு எரியட்டும் சார். கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தாதீங்க. பூச்சி வந்தா திட்டிக்குங்க, சாத்தாதீங்க."

வேலைக்குப் புறப்படுவதற்கு முன் சற்று நேரம் இருந்தது. கொல்லையில் பெண்கள் இருவரும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கடலோர வீட்டில் துணி காய்வதென்பது பேருக்குத்தான். வெயிலில் கிடந்தாலும் கைக்குப் பிசுபிசுவென்று இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டாம் முறை அலசி, அரைகுறையாகக் காயவிட்டு, இஸ்திரிப் பெட்டியால்தான் மிச்ச ஈரத்தை விரட்ட வேண்டும். இரண்டு முனையிலும் இரண்டு பேர் நின்று உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலைக்கு மூலை சேர்த்துக் கொடுப்பார்கள். சேரும் இடத்தில் ஏதாவது ஒரு கேலி நடக்கும்.

"புது ஜோடிக்கு இந்தப் பூப்போட்டதை விரிக்கட்டுமாக்கா?"

"விரி. நாளைக்கு நீதான் துவைக்கப் போற."

"வெள்ளையே விரிச்சிடறேன்."

சின்னவர் வடக்குக் கோபுரத்துக்குக் கம்பி இழுத்து ஒரு பல்பை மாட்டிவிட்டு வந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. "தெக்குக் கோபுரத்துக்கு வாங்கின அதே மஞ்சள் பல்புதான் சார். பெட்டியில ஒண்ணு மிச்சம் இருந்தது. அந்த அறையை உங்களுக்குத் தந்திடறோம். ஆனா நாளைக்கு மாறிக்குங்க. இன்னைக்குப் படுத்தீங்கன்னா சாய நாத்தத்துல தலை வெடிச்சிரும்."

மதியம் கடந்ததும் அவரும் அவருடைய கூட்டாளியும் படகுக்குக் கிளம்பினார்கள். தெற்கே வானம் அடுப்புக்கரி பூசினாற்போல் இருந்தது. மூத்தவர் தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தார்.

"கருக்குதே. இன்னைக்குப் போகணுமா?"

"போட்ட வலை கிடக்குண்ணே. எடுத்திட்டு வந்திடறேன். ஜோடி வந்திருக்கு, காலையில வெறும் ரொட்டியும் முட்டையுமா வைப்பீங்க? பொழுது சாய வந்திருவேன்."

சின்னவள் கொடிக்கயிற்றுப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "இந்தாங்க, கெளுத்தி கொண்டு வராதீங்க. முள்ளு குத்தி விரலே வீங்கிப் போகுது."

"மீன்கிட்ட சொல்லிப் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் மணலில் இறங்கிப் போனார். நானும் ஏலக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

நான் திரும்பியபோது தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஜோடி வந்து சேர்ந்திருந்தது. பெண் தெற்குக் கோபுர ஜன்னலில் நின்று கையசைக்க, மாப்பிள்ளை கீழே மணலில் குடையோடு நின்று படம் பிடித்தான். "ராணி மாதிரி நில்லு, கொரங்கு மாதிரி இளிக்காதே" என்று அவன் கத்த, அவள் மேலிருந்து செருப்பைக் காட்டினாள். பெரியவள் அறை காட்டப் போனவள், அவர்கள் இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, சிரித்தபடியே இறங்கி வந்தாள்.

பிறகு மழை வலுத்தது. கடலிலிருந்து சரிந்து அடித்தது. அம்பு போகவேண்டிய துளை வழியாக என் அறைக்குள் மழை வந்தது. நான் பார்ப்பதற்குள் மெத்தையில் பாதி நனைந்துவிட்டது. விளக்குமாற்றோடு வந்த சின்னவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ சார், மெத்தை போச்சே. இந்தக் கோட்டையைக் கட்டினவரை நிக்க வச்சுக் கேக்கணும். வாங்க, வடக்குக் கோபுரத்துக்கே போயிடலாம். நாத்தம்தான், ஒரு ராத்திரி பொறுத்துக்குங்க."

அவள் விரிப்பையும் தலையணையையும் எடுத்துக்கொண்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். படிகளில் இன்னும் சிமெண்டுத் தூசி கிடந்தது. மேலே இருட்டு. அவள் சுவரைத் தடவிப் பொத்தானை அழுத்தினாள். பல்பு எரிந்தது. அந்த அறையில் விளக்கு எரிவது அதுதான் முதல் தடவை. கடல் பக்கத்து ஜன்னலுக்குத் தெற்குக் கோபுரத்தில் இருப்பது போன்ற மரக்கதவு இன்னும் வரவில்லை, வெறும் கண்ணாடிதான். அதில் மழை வழிந்தது. அவள் வெள்ளை விரிப்பை உதறி விரித்து, நான்கு மூலையும் செருகி, உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துவிட்டாள்.

"விளக்கு எரியட்டும் சார். சாப்பிட்டு வரும்போது படி தெரியும்" என்றாள். இருவரும் இறங்கினோம்.

தாழ்வாரத்தில் மூத்தவர் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழையில்லாத நாட்களில் பொழுது சாய்ந்ததும் கைத்தடியை ஊன்றி மதிலுக்கு வெளியே போய், அண்ணாந்து விளக்கைப் பார்த்துவிட்டு வருவார். தாழ்வாரத்திலிருந்து கோபுரங்கள் தெரியா. அன்று அவரால் வெளியே போக முடியவில்லை. கைபேசி அடித்ததும் ஒலிபெருக்கியில் போட்டார். காது மந்தமென்பதால் எப்போதும் அப்படித்தான். காற்றும் எஞ்சின் சத்தமும் முதலில் வந்தன, பிறகு சின்னவர் குரல்.

"அண்ணே, மழை கண்ணை மறைக்குது. கரையே தெரியலை."

"கொம்பு தெரியுதா?"

"இருங்க... தெரியுது, தெரியுது. மஞ்சள் தெரியுது."

"சிவப்பு?"

"மங்கலாத் தெரியுது."

"அப்புறம் என்ன? கொம்பைப் பிடிச்சு வா."

"வர்றேன். கெளுத்தி இல்லைன்னு சொல்லுங்க அவகிட்ட."

சின்னவளுக்குக் கேட்டது. "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டு மீன் கழுவும் சட்டியை எடுத்து முற்றத்தில் வைத்தாள். சட்டியில் மழைத் தண்ணீர் நிரம்பியது. நிரம்பி வழிந்தது. வருகிற நேரம் கடந்தது. மூத்தவர் கைபேசியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மறுமுனையில் மணி அடிக்கவே இல்லை. "தண்ணி பட்டிருக்கும்" என்றார். துறைமுகத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். மழையில் கடலில் இறங்க முடியாமல் கரையோரமாகக் கைவிளக்குகளோடு நடந்தார்கள். அந்த இரவைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை. நான் வடக்குக் கோபுரத்துக்குப் படுக்கப் போகவில்லை. வீட்டார் யாரும் படுக்கவில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. சீப்புப் பாறையின் மேல் படகின் முன்பாதி மட்டும் ஏறிக்கிடந்ததை மதில் வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது. கூட்டாளியைக் கரையில் கண்டெடுத்து, போர்வை போர்த்தி, கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். ஒரு கை தோளிலிருந்து தொங்கியது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் அண்ணனைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். கூடத்துப் படியில் உட்கார வைத்தார்கள்.

அந்நேரம் பெரியவள் மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் முட்டை பொரிந்தது. விருந்தாளி இருக்கும் வீட்டில் காலையானால் அவள் கைகள் செய்கிற வேலை அது. அன்றும் செய்தன. இரவு முழுக்க மேலே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய ஜோடி, எதுவும் அறியாமல் இறங்கி வந்து மேஜையில் உட்கார்ந்தது.

"சின்னவன் எங்கடா?" என்றார் மூத்தவர்.

கூட்டாளி தலையை ஆட்டினார். "படகு பிளந்ததும் ரெண்டு பேரும் தண்ணியிலதாண்ணே கிடந்தோம். பலகையை என் பக்கம் தள்ளி விட்டாரு. அப்புறம் குரல் கேக்கலை."

சின்னவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "தெரியுதுன்னு சொன்னாரே. மஞ்சள் தெரியுதுன்னு சொன்னாரே. நான் கேட்டேனே" என்றாள்.

"தெரிஞ்சது தங்கச்சி. நல்லாத் தெரிஞ்சது. சிவப்புக்கு நேர்க் கீழே வச்சு, ஒரு முழம் இப்படி அப்படிப் போகாம நேரா வந்தோம். நேரா வந்துதான் மோதினோம்."

மூத்தவர் நெற்றியைச் சுருக்கினார். "கொம்புக்கு நேரா வந்தா சீப்பு எப்படிடா குறுக்க வரும்? அது வழியாச்சே."

"அதாண்ணே எனக்கும் புரியலை. நான்கூடக் கேட்டேன். இப்ப ரெண்டு கொம்பு இருக்கே, இது எதுன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. புதுசுல யாருடா இருக்கா, அங்க நாளைக்குத்தான் ஆள் போகுது, நான்தானே பல்பு மாட்டினேன்னு சொன்னாரு."

அடுப்பில் முட்டை கருகும் வாசனை வந்தது. பெரியவள் போய் அதை இறக்கவில்லை. மெல்ல மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா," என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள், "நேத்து மழையில ஜன்னலைச் சாத்துனீங்களா?"

பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "உள்ள அடிச்சதுங்க. மெத்தை நனைஞ்சிரும்னு ரெண்டு ஜன்னலையும் சாத்திட்டோம். ஏன், சாத்தக் கூடாதா? நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"இல்லைம்மா," என்றாள் பெரியவள். "நான் ஒண்ணும் சொல்லலை."

"அக்கா," என்றாள் சின்னவள்.

"சொல்ல வாயெடுத்தேன். படம் எடுத்துக் குடுங்கன்னு இந்தப் பொண்ணு என் கையில ஃபோனைக் குடுத்தது. ரெண்டு பேரும் நின்னாங்க. சிரிச்சேன். எடுத்தேன். இறங்கிட்டேன்."

"அக்கா, நான் போட்டேன்."

"என்ன போட்டே?"

"அந்தப் பக்கத்து விளக்கை. சார் அறையில தண்ணி வந்திருச்சு. மேல கூட்டிட்டுப் போனேன். எரியட்டும்னு நான்தான் சொன்னேன்." அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னேனா இல்லையா சார்?"

அவளுக்கு இல்லை என்ற பதில் வேண்டியிருந்தது. நான் உடன் இருந்தவன். என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. "எனக்காகத்தான் போட்டீங்க" என்றேன். அதைக் கேட்டு அவள் தூணிலேயே சரிந்து உட்கார்ந்தாள். பெரியவள் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ வெளிச்சத்தைப் போட்டே. நான் வெளிச்சத்தை மூடினேன்," என்றாள் பெரியவள். "அந்தக் கோபுரத்தைக் கட்டச் சொன்னதும் நான். மூணுல ரெண்டு என்னுதுடி. நீ எல்லாத்தையும் எடுத்துக்காதே."

"நான் சொன்னது?" என்றார் மூத்தவர்.

யாருக்கும் அவர் சொல்வது முதலில் புரியவில்லை.

"கொம்பைப் பிடிச்சு வான்னு யார் சொன்னது? தெக்குன்னு ஒரு வார்த்தை. அதைச் சேத்துச் சொல்லியிருந்தா ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பான். வாய் வரலையே. இத்தனை வருஷமா கொம்பு கொம்புன்னே சொல்லிப் பழகின வாய்."

மாப்பிள்ளை எழுந்தான். "நாங்க கிளம்பறோங்க. மன்னிச்சிருங்க. எங்களுக்குத் தெரியாது" என்றான். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

பெரியவள் தரையில் கையூன்றி எழுந்தாள். "உக்காருங்க. சாப்பிட்டுப் போங்க. போட்டாச்சு" என்றாள். கருகாத முட்டைகளாகப் பார்த்து எடுத்து அவர்கள் தட்டில் வைத்தாள், ரொட்டி வைத்தாள். மீன் வைக்கும் தட்டு காலியாக இருந்தது. அதையும் மேஜையில் வைத்துவிட்டு, சற்று நின்று, திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். சாப்பிடாமல் எழுந்து போகிற துணிச்சல் அவர்களுக்கு இல்லை.

உச்சி வெயிலில் சின்னவரைக் கொண்டுவந்தார்கள். சீப்புக்கு வடக்கே, வலையின் ஒரு முனை காலில் சுற்றியிருந்ததாம். கூடத்தில் கிடத்திய பிறகு போர்த்துவதற்குத் துணி எடுக்கப் பெரியவள் அலமாரியைத் திறந்தாள். எடுத்ததெல்லாம் ஈரமாக இருப்பதாக அவளுக்குப் பட்டது. ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, கீழே போட்டாள்.

"மேல விரிச்சது இருக்குக்கா," என்றாள் சின்னவள். "வெள்ளை. யாரும் படுக்கலை."

நான்தான் போய் எடுத்து வந்தேன். பகல் வெளிச்சத்தில் அந்தப் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினார்கள். பழக்கத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் ஓரடி நடந்துவிட்டார்கள். நின்று, பின்வாங்கி, அவர்மேல் விரித்தார்கள். சின்னவள் மூலைகளைச் செருகி, உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்தாள்.

அன்றும் மறுநாளும் துறைமுகத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஏலக்கூடம் மூடியிருந்தது. என் வேலை பாதியில் நின்றது. வேறிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை எடுத்தபோது, "இருங்க சார். வீட்டுல ஒரு ஆள் நடமாட்டம் இருக்கட்டும்" என்றார் மூத்தவர். ஜோடியும் போய்விட்டது. வந்த உறவுக்காரர்களும் எல்லாம் முடிந்து கலைந்தார்கள். சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்கூட வாசலைத் தாண்டியதும் வடக்கே ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டே போனார்கள்.

அதற்கடுத்த நாள் படகுகள் கிளம்பின. பிழைப்பு இருக்கிறதே.

அன்று மாலை தாழ்வாரத்தில் நாங்கள் நால்வரும் இருந்தோம். வானம் மறுபடி மூட்டமாக இருந்தது.

"நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு இடிச்சுத் தள்ளுங்க," என்றாள் பெரியவள். "அதை என் கண்ணால பாக்க முடியலை."

"இடிக்கலாம்."

"லாம் என்ன லாம்? கட்டச் சொல்லும்போது என் பேச்சைக் கேட்டீங்களே, இடிக்கச் சொன்னாக் கேக்க மாட்டீங்களா?"

"நாளைக்கு இடிப்பான். இன்னைக்குப் பொழுது சாயுதே," என்றார் மூத்தவர். "எல்லாரும் உள்ள இருக்காங்க."

அவர் உள்ளே என்றது கடலை.

சின்னவள் எழுந்தாள். முதலில் தெற்குப் படிகளில் அவள் ஏறும் ஓசை கேட்டது. ஜன்னல் கதவின் துருப்பிடித்த கொக்கி கிறீச்சிட்டது. சற்றுக் கழித்து இறங்கி வந்து, எங்களைக் கடந்து வடக்குப் படிகளில் ஏறினாள். அங்கே ஓசை எதுவும் இல்லை. வெகுநேரம் இல்லை. பெரியவள் பொறுக்க முடியாமல் எழப் போனபோது அவளே இறங்கி வந்தாள். முந்தானையில் எதையோ பொதிந்து பிடித்திருந்தாள். மஞ்சள் பல்பு. கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். அதன் கண்ணாடியில் சுண்ணாம்பில் பதிந்த விரல் தடங்கள் இருந்தன. அவை யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியும்.

"துடைச்சு வைக்கட்டுமா?" என்று பெரியவள் கை நீட்டினாள்.

"துடைக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மூத்தவரின் கைபேசி அடித்தது. அவர் எடுக்கத் தயங்கினார். மறுபடி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். வேறொரு படகுக்காரரின் குரல், காற்றோடு வந்தது.

"அண்ணே, தொந்தரவுக்கு மன்னிக்கணும். தூறல் போடுது. கொம்பு எரியுதா?"

மூத்தவர் கைபேசியை உள்ளங்கையால் பொத்தினார். "சார், எனக்கு எழுந்திரிக்க முடியலை. கொஞ்சம் வெளிய போய்ப் பாத்துட்டு வாங்க."

நான் மதிலைத் தாண்டி ஈர மணலில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். திரும்பி வந்தேன்.

"எரியுது" என்றேன்.

"எத்தனை?"

"ஒண்ணு."

அவர் என்னையே பார்த்தார். அந்தக் கேள்வி அவர் வாயில் புதிது. இரண்டு முறை உதடு அசைந்த பிறகுதான் குரல் வந்தது.

"எந்தப் பக்கம்?"

"தெற்குப் பக்கம்."

அவர் கையை எடுத்தார். கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"தெக்கு," என்றார். "தெக்குக் கொம்பு எரியுது. கேக்குதா? தெக்கு. தெக்குக் கொம்பைப் பிடிச்சு வா."

மறுமுனையில் சரியென்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.